ஆள் வருது

ஜூன் 9, திங்கள்

ஏசி பஞ்சாயத்தோடு வாரம் தொடங்கியது. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் ஆரோக்கியராஜுக்கு இருபத்திரண்டு டிகிரி வேண்டும். எதிரே உட்காரும் ஆடிட்டர் அம்மாவுக்கு இருபத்தாறு வேண்டும். நான் நடுவில் வைத்துவிட்டு ரிமோட்டை டிராயரில் போட்டுப் பூட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். இதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், இப்போது ஒன்றாக முறைக்கும் அளவுக்கு வந்திருக்கிறார்கள். என் சம்பளத்துக்கு இது போதாதா?

விடுதியில் பக்கத்துக் கட்டில் டீச்சர் நேற்று கேட்டார், கம்யூனிட்டி மேனேஜர் என்றால் என்ன வேலை என்று. ஒரே ஆபீஸில் பல பேர் நாற்காலி வாடகைக்கு எடுத்து அவரவர் தொழிலைப் பார்ப்பார்கள், அவர்கள் சண்டை போடாமல், ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு, விட்டுப் போகாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் வேலை என்றேன். "மாமியார் வேலைன்னு சொல்லுங்க" என்றார். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

எங்கள் இடத்துக்கு முதலாளி கிரி சார் வைத்த பெயர் பத்தாயம். நெல் கொட்டும் பெட்டிக்கு எதற்கு வைஃபை என்று கேட்கத் தோன்றும். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை என்பதால் கேட்பதில்லை.

இன்று ஒரு புதுப் பெண் சேர்ந்தாள். பிரவீணா, கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும். குழந்தைகள் துணியில் அச்சடிக்கும் படங்களை டேப்லெட்டில் வரைகிறாள். இன்று வரைந்தது கண்ணாடி போட்ட கத்திரிக்காய். ஜன்னலோர நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பையில் குரூப் டூ தேர்வு கைடு ஒன்று தடியாக இருந்தது. எங்களுக்குக் கீழ்த்தளத்தில்தான் கோச்சிங் சென்டர் இருக்கிறது. படிப்பும் ஆச்சு, தொழிலும் ஆச்சு, கெட்டிக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் மேட்டுப்பாளையத்திலிருந்து போன். எடுக்கவில்லை.

ஜூன் 11, புதன்

காபி மெஷின் படுத்துவிட்டது. மெக்கானிக் காலையிலிருந்து "இதோ வந்துட்டேனுங்க" என்கிறான். மெஷின் இல்லாத நாளில்தான் எல்லோரும் பேண்ட்ரியில் நின்று புலம்பிப் பேசிக்கொள்கிறார்கள். வாரம் ஒருமுறை வேண்டுமென்றே ரிப்பேராக்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை டீ. இது நான் வந்த பிறகு ஆரம்பித்த வழக்கம். நாலு மணிக்கு எல்லோரும் லேப்டாப்பை மூடிவிட்டு வர வேண்டும். ஒவ்வொருவரும் எழுந்து இரண்டே விஷயம் சொல்ல வேண்டும்: எனக்கு என்ன தெரியும், எனக்கு என்ன வேண்டும். ஆரம்பத்தில் ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி நெளிந்தார்கள். இப்போது பஜ்ஜிக்காகவாவது வருகிறார்கள்.

பிரவீணா எழுந்தாள். "எனக்குக் காய்கறிக்கு மூக்கும் முழியும் வெக்கத் தெரியும். ஒரே ஒரு நல்ல ஆர்டர் வேணும்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களை வரவேற்று எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டோ போடுவது கிரி சாரின் கட்டளை. கேட்டதற்கு, "போட்டோ மட்டும் வேண்டாங்க்கா" என்றாள். கூச்சம், வேறென்ன. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. வாய்ப்பு வாசலில் வந்து நிற்கும்போது கூச்சப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவோம். அவள் ஆடிட்டர் அம்மாவோடு சிரித்துக்கொண்டிருந்தபோது பக்கவாட்டில் ஒன்று எடுத்தேன். கையில் டேப்லெட், திரையில் கத்திரிக்காய், முகம் முழுக்கச் சிரிப்பு. "பத்தாயத்துக்கு வந்திருக்கும் வடிவமைப்பாளர் பிரவீணாவை வரவேற்கிறோம்" என்று எழுதிப் போட்டுவிட்டேன். அவ்வளவு நல்ல போட்டோ.

ஜூன் 14, சனி

நினைத்தது நடந்துவிட்டது! திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனிக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு ஆபீஸுக்கே போன் செய்தார். குழந்தைத் துணிக்கு ஒரு வருடத்துக்கு டிசைன் வேண்டுமாம், அந்தக் கத்திரிக்காயை வரைந்த பெண்ணோடு பேச வேண்டுமாம். பிரவீணா திங்கட்கிழமை வருவாள் என்றேன். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. மகளுக்குப் போன் செய்து சொன்னேன். "யாரும்மா அந்தப் பிரவீணா? உனக்கு என்ன இத்தனை சந்தோஷம்?" என்றாள்.

ஜூன் 16, திங்கள்

பிரவீணா வரவில்லை. செய்தி அனுப்பினேன், பார்த்துவிட்டாள், பதில் இல்லை. திருப்பூர்க்காரர் மறுபடி கூப்பிட்டார். உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது.

பத்தரை மணிக்குப் பிரவீணாவின் போன் வந்தது. பின்னால் குழாய்த் தண்ணீர் சத்தம். குளியலறையிலிருந்து பேசியிருக்கிறாள்.

"அக்கா, அந்தப் போட்டோவை எடுத்துருங்க்கா."

"ஏம்மா, என்னாச்சு?"

"என் நாத்தனார் பார்த்துட்டாங்க. குடும்ப குரூப்ல போட்டுட்டாங்க. நான் கோச்சிங் கிளாஸுக்குப் போறேன்னுதானே ஊட்டுல சொல்லியிருக்கறேன்."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் அந்தக் கைடு ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் மருமகள் வேலைக்குப் போகக் கூடாது. ஆனால் கவர்மென்ட் பரீட்சைக்குப் படிக்கலாம். அது கௌரவம். தாசில்தார் ஆபீஸில் உட்கார்ந்தால் ஊரே கும்பிடும், நாலு பேரோடு வாடகை நாற்காலியில் உட்கார்ந்தால் ஊரே சிரிக்கும். அதனால் கோச்சிங் சென்டர் இருக்கிற கட்டடமாகப் பார்த்து எங்களிடம் சேர்ந்திருக்கிறாள். காலையில் புருஷன் சபரீசன் பைக்கில் கொண்டுவந்து வாசலில் விடுவான், இவள் கைடோடு படியேறி, ஒரு தளம் அதிகமாக ஏறி, எங்களிடம் வந்துவிடுவாள்.

"அவருக்கும் தெரியாதா?" என்று கேட்டேன்.

தண்ணீர் சத்தம் இன்னும் பெரிதானது. பிறகு சொன்னாள், "அவருக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும்க்கா. இந்த ஐடியாவே அவருதுதான். அத்தை கேட்டப்போ, எனக்கே இப்பத்தாம்மா தெரியும்னு சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுட்டு நின்னுட்டாரு. போட்டோகூடப் பரவால்லீங்க்கா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

போட்டோவை எடுத்துவிட்டேன். உலகமே பார்த்த பிறகு எடுத்து என்ன பயன். வேண்டாம் என்று வாயைத் திறந்து சொன்ன பெண்ணை, கூச்சம் என்று நானே முடிவு கட்டினேன். அவளுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எனக்கு நல்லது எது என்று தெரிந்துவைத்திருந்தவர்களை நான் என்ன பாடு திட்டியிருக்கிறேன்! அவமானமாக இருக்கிறது.

அவள் நாற்காலி அவளுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் எனக்கு இந்த வேலையில் உட்கார யோக்கியதை இல்லை.

ஜூன் 18, புதன்

கிரி சார் வந்தார். ஜன்னலோர நாற்காலியை ஒரு சினிமா எடிட்டர் கேட்கிறாராம்.

"அது காலி இல்லை சார்" என்றேன்.

"அந்தப் பொண்ணுதான் வர்றதில்லையே?"

"வரும் சார். இந்த மாசம் பூராவுக்கும் வாடகை கட்டியிருக்கே."

"ஒண்ணாந்தேதி அவரு வருவாருங்க தமயந்தி மேடம். யோசிச்சுக்குங்க."

அவர் போனதும், ஏசி குளிருக்காக வைத்திருக்கும் என் சால்வையை எடுத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியில் விரித்துப் போட்டேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். யாராவது கேட்டால் "ஆள் வருது" என்று ஒரே வார்த்தை. எந்தக் கொம்பனும் அதற்கு மேல் பேச முடியாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு முறை போன். எடுக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வெள்ளிக்கிழமை டீயில் என் முறை வந்தபோது சொல்லிவிட்டேன். ஒரு பெண்ணைக் கேட்காமல் போட்டோ போட்டுச் சிக்கலில் மாட்டிவிட்டேன், அவளைத் திரும்பக் கொண்டுவர வழி வேண்டும் என்றேன். பெயர் சொல்லவில்லை. எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சால்வையைப் பார்த்தார்கள். இங்கே ரகசியத்துக்கு அவ்வளவுதான் ஆயுசு.

ஆரோக்கியராஜ் துள்ளி எழுந்தார். "சிம்பிள் மேடம். 'படிப்பகம்'னு ஒரு போர்டு செஞ்சு வெளிய மாட்டிரலாம். ஊட்டுல இருந்து வந்தா நாங்க எல்லாருமே குரூப் டூ படிக்கறோம்னு சொல்லிடறோம்."

ஆடிட்டர் அம்மா, "இந்த வயசுல எனக்கு யாரு வேலை குடுப்பா?" என்றார். ஆனால் ஒத்துக்கொண்டார். அவருடைய பையிலிருந்து ஒரு பொது அறிவுப் புத்தகம்கூட வந்தது, மகனுடையதாம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே போர்டுக்கு ஆர்டர் கொடுக்கப் போனேன். கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. இன்னமும் அவளைக் கேட்கவில்லை.

கேட்டேன். பிரவீணா பதில் எழுதினாள்: "வேண்டாங்க்கா. பொய் சொல்லித்தான் இங்க வந்து நிக்கறேன். அத்தைக்கு நிஜத்தை நானே சொல்லிக்கறேன்."

ஜூன் 23, திங்கள்

பிரவீணாவிடமிருந்து செய்தி. "அத்தைகிட்ட நிஜத்தைச் சொல்லிட்டேன். நேர்ல வந்து பாக்கணுங்கறாங்க. நாளைக்குப் பதினோரு மணி. சண்டைக்குத்தான் வர்றாங்கன்னு நெனைக்கறேன்."

எத்தனையோ பேருக்கு இந்த இடத்தைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். சேர வருபவர்களுக்குக் காட்டுவது என் தினசரி வேலை. வேகமான இன்டர்நெட், தடையில்லா கரண்ட், அளவில்லாக் காபி என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஒரு மாமியாருக்கு எதைக் காட்டுவது?

பாத்ரூமை இரண்டு முறை கழுவச் சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

வந்தார். பெயர் தெய்வானை. கஞ்சி போட்ட காட்டன் சேலை, கையில் குடை, நிமிர்ந்த நடை. பின்னால் பிரவீணா, அழுது வீங்கிய கண்களோடு. நான் கும்பிட்டேன். அவர் கும்பிடவில்லை. "எங்க, காட்டுங்க" என்றார்.

முதலில் பெண்கள் பாத்ரூமைக் கேட்டார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து குறை ஒன்றும் சொல்லவில்லை. அப்பாடா என்றிருந்தது. பிறகு பேண்ட்ரிக்குப் போய் பிரிட்ஜைத் திறந்தார். ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டியிருப்பதைப் படித்துப் பார்த்தார். போன் பேசும் கண்ணாடிக் கூண்டு முன்னால் நின்றார். உள்ளே ஆரோக்கியராஜ் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"அவரு யாருகூடச் சண்டை போடறாரு?"

"அமெரிக்காவோடங்க."

உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஹாலின் நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இங்க யாருக்கு யாரு என்ன ஆகோணும்?"

"யாரும் யாருக்கும் ஒண்ணும் ஆகோணுங்கறது இல்லீங்கம்மா. அவங்கவங்க தொழில்."

"அப்பறம் எதுக்குங்க ஒண்ணா உக்காந்திருக்கறீங்க?"

கிரி சாரின் விளம்பர நோட்டீஸில் இதற்கு அரைப்பக்கப் பதில் இருக்கிறது. "தனியா உக்காந்தா பைத்தியம் புடிச்சிருமுங்க" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஜன்னலுக்கு வந்தோம். "இதென்ன, துணி கெடக்குது?"

"இது பிரவீணாவோட எடமுங்க. பொண்ணு வரும்னு புடிச்சு வெச்சிருக்கறேன்."

சால்வையை எடுத்து மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு அவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக வேப்பமரமும் ரோடும் தெரியும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க கல்யாணம் ஆனவங்கதானுங்களே. உங்கூட்டுல உங்கள உட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. பிரவீணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடலீங்கம்மா. நான் வந்துட்டேன்."

"வந்துட்டேன்னா?"

"லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கறேனுங்க. பொண்ணு திருச்சியில காலேஜ் படிக்கறா. அவரு மேட்டுப்பாளையத்துல நல்லாத்தான் இருக்கறாரு."

தெய்வானை அம்மாள் சட்டென்று எழுந்துவிட்டார். "அப்ப எங்கூட்டுப் புள்ளையையும் அந்தத் தடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போறீங்க."

"இல்லீங்கம்மா." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வருசக்கணக்காக் கேட்டேனுங்க. டைப்பிங் கிளாஸுக்குப் போறேன்னு கேட்டேன், கடையில கணக்கு எழுதப் போறேன்னு கேட்டேன். ஒருக்கா உட்டிருந்தா தினமும் சாயந்திரம் ஊட்டுக்குத் திரும்பி வந்திருப்பேனுங்க. உடவே இல்ல. அதனாலதான் ஒரேயடியா வந்துட்டேன்."

ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். பிரவீணா பின்னாலேயே ஓடினாள்.

ஜூன் 25, புதன்

கெடுத்துவிட்டேன். நிஜத்தைச் சொல்கிறேன் பேர்வழி என்று ஒரேயடியாகக் கெடுத்துவிட்டேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை என் வாயில் இருந்தபோது என் கதையை எதற்கு அளந்தேன்? ஆடிட்டர் அம்மா என் மேஜையில் ஒரு டம்ளர் காபி வைத்துவிட்டுப் போனார். ஏசியைப் பற்றி இன்று யாரும் வாய் திறக்கவில்லை. அது இன்னும் கொடுமை.

ஜூன் 27, வெள்ளி

மேட்டுப்பாளையம். இந்த முறை எடுத்தேன்.

"கேஸ் சிலிண்டர் புக்கு எங்க வெச்ச?"

"பீரோவுல, ரெண்டாவது தட்டு."

"எப்ப வர்ற?"

"வரலீங்க."

முதல் தடவையாக அந்த வார்த்தையை அவரிடமே சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். நான் போய்ப் பஜ்ஜிக்குச் சட்னி வந்துவிட்டதா என்று பார்த்தேன்.

ஜூன் 30, திங்கள்

திருப்பூர்க்காரர் கடைசியாகக் கேட்டுவிட்டார். இந்த வாரத்துக்குள் அந்தப் பெண் பேசாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பாராம். "ஆள் வருதுங்க" என்றேன். "எங்கிருந்துங்க வருது, டெல்லியிலிருந்தா?" என்றார்.

சாயந்திரம் கிரி சார். "நாளைக்கு எடிட்டர் வர்றாருங்க. ஜன்னல் சீட் அவருக்கு. இதுக்கு மேல பேச வேண்டாம்."

"என் மேஜையை அவருக்குக் குடுங்க சார்."

"என்ன வெளையாடறீங்களா? நீங்க எங்க உக்காருவீங்க?"

"நான் எதுக்கு சார் உக்காரணும்? நடந்து நாலு பேரைப் பார்த்துப் பேசறதுதானே என் வேலை. பேண்ட்ரி மேடையில லேப்டாப்பை வெச்சுக்கறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"அந்தப் பொண்ணு, நான் வரலைன்னு அதோட வாயால சொல்ற வரைக்கும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். வேலையை விட்டே தூக்கிவிடுவார் என்று நினைத்தேன். "கால் வலிக்குதுன்னு எங்கிட்ட வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 1, செவ்வாய்

கால் வலிக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. எடிட்டருக்கு என் மேஜை பிடித்துப்போய்விட்டது, அதுவும் வயிற்றெரிச்சல்.

ஜூலை 2, புதன்

ஒன்பதரைக்குப் பிரவீணா வந்தாள்.

நான் பேண்ட்ரியில் நின்று பால்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, யாரையும் பார்க்காமல் நேராக ஜன்னலுக்குப் போய், உட்கார்ந்து, டேப்லெட்டை எடுத்து வைத்தாள். பையில் கைடு இல்லை. நான் ஓடினேன்.

"அத்தை ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்லீங்க்கா."

"அப்புறம்?"

"சொல்லிட்டு வந்துட்டேன். வேலைக்குப் போறேன், ஆறு மணிக்கு வந்துருவேன்னு சொன்னேன். அவரு வண்டிய எடுக்கல. பஸ்ல வந்தேன்." டிக்கெட்டை மேஜைமேல் வைத்தாள். "உங்கள மாதிரி ஒரேயடியா வர்றதுக்கு எனக்கு மனசில்லீங்க்கா. எனக்கு அந்த ஊடும் வேணும், இந்தச் சேரும் வேணும். தினமும் சண்டை போடட்டும். நான் தினமும் வர்றேன், தினமும் போறேன்."

சுருக்கென்றிருந்தது, பொய் சொல்வானேன். எனக்கு இந்த வழி தோன்றவே இல்லையே என்று ஒரு நிமிடம் வயிறு எரிந்தது. அடுத்த நிமிடம் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் திருப்பூர் நம்பரைக் கையில் கொடுத்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் போய் அரை மணி நேரம் பேசினாள். வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டியபோது ஆரோக்கியராஜ் விசிலடித்தார். ஆடிட்டர் அம்மா அதட்டவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. எடிட்டர் எடுத்து, "உங்களுக்குத்தாங்க, யாரோ அம்மா" என்று என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க, நான் தெய்வானை பேசறேன். அந்தப் புள்ள அங்க வந்து சேந்துட்டாளா?"

"வந்துட்டாங்கம்மா."

"காத்தால ஒண்ணுந் திங்காம வீம்புக்குக் கெளம்பிப் போயிட்டா. சோறும் எடுக்கல. சாப்புட்டாளான்னு பாருங்க." போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். "சாயந்திரம் வந்துருவாளல்லங்க?"

"வந்துருவாங்கம்மா. கண்டிப்பா வந்துருவாங்க."

"நாங் கேட்டேன்னு சொல்லீராதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனைப் பிடித்தபடி நின்றேன். அழுகை வந்துவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து இத்தனை போன் வந்திருக்கிறது, சாப்பிட்டாயா என்று ஒரு போன் வந்ததில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.

"உங்க அத்தை ஒரு விஷயத்தை உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. சொல்லட்டுமா?"

பிரவீணா டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "சாப்பிட்டனான்னு கேட்டாங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. "சாப்பிட்டுட்டேன்னு சொல்லிடுங்க்கா."

"முதல்ல எந்திரி. கீழ மெஸ்ல போய்ச் சாப்பிடலாம். சாப்பிட்டதுக்கு அப்புறம் சொல்றேன்."

சாப்பிட்டுவிட்டு மேலே வந்ததும் முதல் வேலையாகத் தெய்வானை அம்மாள் கூப்பிட்ட நம்பருக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "ரெண்டு வாட்டி சோறு வாங்கிச் சாப்பிட்டாங்கம்மா" என்றேன்.